பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளுக்குத் தானியேல் தரும் பாடம்

வீட்டை விட்டுப் புறப்பட்டு, முன்பின் அறியாத ஊருக்குச் சென்று, தமக்குத் தெரியாத மொழியிலே மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கிய நான்கு இளைஞரைப் பற்றி வேதாகமத்திலே ஓர் அதிகாரம் உண்டு. தானியேல் ஆகமத்தின் முதலாம் அதிகாரம் அது. 21 வசனங்களே கொண்டது. சிங்கக் குகையையும் எரியும் சூளையையும் மறைக்கல்வி வகுப்பிலே படம் பார்த்துப் படித்த நம்மவர் பலர் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகின்றனர். பல்கலைக்கழக அனுமதி கிடைத்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் தம்பியே, தங்கையே, புறப்படுமுன் அதை ஒருமுறை வாசித்துவிடும். பத்து நிமிடம் போதும்.

எருசலேமை முற்றுகையிட்ட பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசர், யூதரிடையே நற்குடிப் பிறந்தவர்களும் உடற்குறை அற்றவர்களும் அறிவாற்றல் மிக்கவர்களுமான இளைஞர் சிலரைத் தெரிந்தெடுத்துத் தன் அரண்மனைக்குக் கொண்டுவரும்படி கட்டளையிட்டான். கல்தேயரின் மொழியும் இலக்கியமும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். காலம் மூன்று ஆண்டு. சாப்பாடு அரச பந்தியிலிருந்து. படிப்பு முடிந்ததும் அரசனுடைய அவையிலே பணி. (மூன்றாண்டுப் படிப்பு, முடிவிலே அரசாங்க உத்தியோகம்! நமது பெற்றோரின் கனவு இன்று நேற்றுத் தோன்றியதன்று.) அப்படிச் சென்றவர்களுள் தானியேல், அனனியா, மிசாவேல், அசரியா என்ற நால்வரும் யூதா குலத்தவர். போய்ச் சேர்ந்ததும் அவர்களுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. தானியேல் 'பெல்தசாச்சர்' ஆனார்.

இனித்தான் கவனிக்க வேண்டிய விடயம் வருகின்றது. தானியேல் எதை ஏற்றுக்கொண்டார், எதை மறுத்தார்? அந்நிய மொழியை ஏற்றுக்கொண்டார். அந்நியரின் நூல்களை ஊன்றிப் படித்தார். தமக்கு இட்ட பெயரையும் பொறுத்துக்கொண்டார். அந்தப் பெயரிலே பாபிலோனியத் தெய்வத்தின் பெயர் கலந்திருந்ததாக அதே ஆகமத்தின் நான்காம் அதிகாரம் சொல்லுகின்றது. அப்படியிருந்தும் அதற்காக அவர் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அரச பந்தியின் உணவும் திராட்சை இரசமும் தம்மைத் தீட்டுப்படுத்தும் என்று கண்டபோது, அங்கே நின்றுவிட்டார். ஒரே ஓர் இடத்தில்தான் கோடு கிழித்தார். கிழித்த கோட்டை அழிக்கவில்லை.

நம் பிள்ளைகளிலே இருவகையினரைப் பார்க்கிறோம். ஒரு சாரார் எதையுமே ஏற்றுக்கொள்ளாதவர்கள். உடம்பு பேராதனையிலோ மொரட்டுவையிலோ இருக்கும். மனம் பருத்தித்துறையில், மன்னாரில், முருங்கனில் இருக்கும். வெள்ளிக்கிழமை விரிவுரை முடியுமுன்பே பஸ் ஏறிவிடுவார்கள். மறுசாரார் எல்லாவற்றையும் விழுங்குபவர்கள். முதற் கிழமையிலேயே உடை, பேச்சு, பழக்கம் எல்லாம் மாறிவிடும். எவர் எதைச் செய்யச் சொன்னாலும் செய்வார்கள். தனித்து நிற்கப் பயம். இவ்விரண்டும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள் என்பதே நமது எண்ணம். தானியேலோ இரண்டு பக்கத்தையும் சேர்ந்தவரல்லர். எதைப் படிக்க வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்று பிரித்தறிந்தவர்.

இந்த ஆகமம் எக்காலத்தில் இன்றைய வடிவம் பெற்றது என்பதை அறிந்தால் பாடம் இன்னும் தெளிவாகும். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலே, நான்காம் அந்தியோக்கு மன்னன் யூதரைக் கொடுமைப்படுத்திய நாட்களில் அது இவ்வடிவம் பெற்றது என்பதே வேதாகம அறிஞர் பெரும்பாலோரின் முடிபு. அக்காலத்து எருசலேமிலே கிரேக்க முறையில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் எழுந்தது. நகரத்து இளைஞர் கிரேக்கத் தொப்பி அணிந்து அங்கே போனதையும், குருக்களே பலிபீடத்தை விட்டுவிட்டு விளையாட்டில் பங்குகொள்ள ஓடியதையும் மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தின் நான்காம் அதிகாரம் வேதனையோடு குறிப்பிடுகின்றது. புதிய நாகரிகத்தின் நடுவிலே 'நானும் உங்களில் ஒருவன்' என்று காட்டத் துடித்த இளைஞர்களுக்காகவே தானியேலின் கதை சொல்லப்பட்டது. ஆகவே இது குழந்தைகளுக்கான கதை என்று தள்ளிவிட வேண்டாம்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். தானியேல் கற்ற பாபிலோனிலே ஈரக் களிமண் பலகையில் ஆப்பு வடிவான குறிகளை அழுத்தி எழுதினார்கள். அக்குறிகள் நூற்றுக்கணக்கானவை. அதனோடு ஒப்பிட்டால் உமக்கு முன்னால் இருக்கும் 26 ஆங்கில எழுத்து பெரிய மலையன்று. எனினும் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்ற பீடங்களுக்குப் போகும் பிள்ளைகள் முதலில் இடறி விழுவது இங்கேதான். உயர்தரம் வரை தமிழிலே படித்து, இரசாயனவியலில் 'ஏ' எடுத்த பிள்ளை, முதல் விரிவுரையிலே ஒரு மணித்தியாலம் ஒன்றும் விளங்காமல் இருந்துவிட்டு, 'எனக்கு இது சரிவராது' என்று முடிவு கட்டிவிடுகின்றது. பாடம் விளங்கவில்லை என்பது ஒன்று. மொழி விளங்கவில்லை என்பது வேறொன்று. முதல் இரண்டு மாதமும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விரிவுரை நடந்த அன்றிரவே அதிலே வந்த கலைச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்திலே நீர் முன்பு படித்த தமிழ்ச் சொல்லையும் எழுதி வையும். நீர் அறியாத பாடமென்று நினைத்ததிலே ஒரு நல்ல பங்கு, உயர்தரத்திலே நீர் படித்ததன் ஆங்கில வேடந்தான் என்று அப்போது தெரியும்.

மொழிக்கு அடுத்ததாக வருவது ரியூசன் பழக்கம். இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். நமது பிள்ளைகளில் அநேகர் பாடசாலையிலே படித்ததைவிடத் தனியார் கல்வி நிலையத்திலே எழுதியது அதிகம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது, கடந்தகால வினாத்தாள்களைச் செய்வது, எது வரும் எது வராது என்று ஊகிப்பது. பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு இரண்டு புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் புத்தகம் நூலகத்திலே எந்த அடுக்கில் இருக்கிறதென்று தேடுவது உம்முடைய வேலை. அதிலும் உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு பல்கலைக்கழகக் கதவு திறக்கும் வரை பலர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையே 2022 மாசியில்தான் நடந்தது என்பது நினைவிருக்கும். அந்த இடைவெளியிலே கடையில் நின்றவர்கள், சிறுவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள், வெறுமனே கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் படிக்கும் பழக்கத்தை மறந்துதான் வருகிறார்கள். முதற் கிழமையிலேயே நூலக அனுமதி அட்டையை எடுத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து பழகும். ஆரம்பத்திலே நித்திரை வரும். பரவாயில்லை, இருக்கும்.

பல பீடங்களிலே 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு அமர முடியாது. இதை மூன்றாம் மாதத்தில் அறிந்து அழுவதிலும் முதல் நாளே மாணவர் கைந்நூலில் வாசித்து அறிவது மேல். பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கும் என்ற நம்பிக்கையிலே முதல் மாதங்களின் செலவைத் திட்டமிட வேண்டாம். அது கைக்கு வந்து சேர நாளெடுக்கும்.

இன்னொரு மொழியும் இருக்கின்றது. தெற்கிலே படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் நால்வர் ஐவராகக் கூடி, கூடியபடியே நான்கு ஆண்டும் இருந்துவிட்டு வருவதைப் பார்க்கிறோம். கசப்பான அனுபவங்கள் நமது இனத்துக்கு உண்டு; அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் பக்கத்துக் கட்டிலிலே படுக்கும் சிங்களப் பையனின் தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் பட்டம் பெற்று வருவது கல்வியாகுமா? இதன் மறுபக்கமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இன்று தெற்கிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். 2016 ஆடியில் அங்கே நடந்த புதுமுக மாணவர் வரவேற்பு நிகழ்விலே கைகலப்பு மூண்டதையும், வரவேற்பு விழாவே காயத்தில் முடிந்ததையும் நாடு முழுவதும் அறியும். வீட்டிலிருந்தபடியே திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போய்ப் படிக்கும் பிள்ளையே, உமக்கு இடம் பழகத் தேவையில்லை. ஆனால் மாத்தறையிலிருந்து வந்தவனுக்குச் சாப்பாட்டுக்கடையைக் காட்டிவிட உம்மால் முடியும்.

இனி, தானியேல் மறுத்த உணவுக்கு வருவோம். நமது பல்கலைக்கழகங்களில் புதியவருக்கு நீட்டப்படும் அரச பந்தி எதுவென்று கேட்டால், தயங்காமல் பகிடிவதை என்று சொல்லுவோம். 'நாங்கள் சொல்வதைச் செய், நீ எங்களில் ஒருவனாவாய்' என்ற அழைப்பு அது. 'பகிடி' என்ற சொல் அதற்குக் கொஞ்சமும் பொருந்தாது. 1975இல் பேராதனையிலே அதற்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடமாட முடியாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலே, கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யும்படி பலவந்தப்படுத்தப்பட்ட தமிழ் மாணவர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டு வரையும் கடூழியச் சிறை உண்டு. சட்டம் வந்தும் வழக்கம் ஒழியவில்லை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலே வகுப்புகள் இணையவழி நடந்தபோது கைத்தொலைபேசி மூலமே இதனைச் செய்ததாக முறைப்பாடுகள் எழுந்தன.

சிரேஷ்ட மாணவர் சொல்லும் நியாயங்கள் நமக்கும் தெரியும். ஏழை பணக்காரன் வேறுபாட்டை இது போக்குமாம்; ஒற்றுமையை வளர்க்குமாம்; கூச்சத்தைத் தெளிவிக்குமாம். அவமானப்பட்டவர்களுக்கிடையே ஓர் ஒட்டுறவு உண்டாகத்தான் செய்யும். ஆனால் அந்த ஒட்டுறவுக்கு அடுத்த ஆண்டு புதிதாக வருபவன் விலை கொடுக்கிறான். பட்டப்பெயர் வைத்தார்களா? தானியேலுக்கும் வைத்தார்கள், சிரித்துக்கொண்டு போம். பாட்டுப் பாடச் சொன்னார்களா? பாடிவிட்டுப் போம். உமது உடலை, உமது மானத்தை, உமது செபத்தை, இன்னொருவரின் மானத்தைக் கேட்கும்போது மட்டும் நிற்க வேண்டும்.

எப்படி நிற்பது? இங்கேதான் தானியேலின் நடைமுறை அறிவு வியப்பூட்டுகின்றது. அவர் கத்தவில்லை, பந்தியைக் கவிழ்க்கவில்லை. பொறுப்பான அலுவலரிடம் போய்ப் பணிவாகக் கேட்டார். அந்த அலுவலர் நல்லவர், ஆனால் தன் தலை போய்விடுமோ என்று பயந்தார். (நமது விடுதிகளிலும் இத்தகைய நல்லவர்கள் உண்டு.) தானியேல் மனம் சோராமல் தங்களைக் கவனிக்கும் மேற்பார்வையாளரிடம் போனார். 'பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து பாரும், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும்' என்ற கருத்தில் பேசினார். எதிராளி ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வழியை அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். உமக்கும் இதுவே வழி. இரவிலே தனியே வரச் சொன்னால் போகவேண்டாம்; இருவர் மூவராக இரும். மாணவர் ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதை முதல் நாளே அறிந்து வையும். ஏதும் நடந்தால் நாள், நேரம், இடம், ஆட்கள் எல்லாவற்றையும் அன்றே ஒரு தாளிலே எழுதும். ஒருவர் பயந்து கைவிரித்தால் அடுத்தவரிடம் போம். வீட்டுக்கும் சொல்லும். 'அப்பா கவலைப்படுவார்' என்று மறைத்த பிள்ளைகளால் வந்த துயரமே அதிகம்.

இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகள் இப்பத்தியை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். ஆகவே பெயர் சொல்லாமல் அவர்களையே நோக்கிச் சொல்லுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவிலே நின்று பாடிவிட்டுத் திங்கட்கிழமை இரவு ஒரு பிள்ளையை முழங்காலில் நிறுத்துகிறவன் நம்முடைய பங்குகளிலும் இருக்கிறான். 'எனக்கும் செய்தார்கள்' என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செல்லுபடியாகாத சாட்டு.

தானியேலுக்கு அமைந்த இன்னொரு நன்மை நண்பர்கள். அவர் தனியாளல்லர், நால்வர் ஒன்றாகவே அந்தப் பத்து நாளையும் கடந்தனர். உமக்கு அப்படி மூவர் கிடைக்காவிட்டால்? 1831ஆம் ஆண்டு கார்த்திகையில் பிரான்சின் லியோன் நகரிலிருந்து சட்டம் படிக்கப் பாரிசுக்கு வந்த 18 வயது மாணவரின் கதை உமக்கு உதவும். பிரெடெரிக் ஓசானாம் என்பது அவர் பெயர். முதலில் தங்கிய விடுதியிலே உடனிருந்தவர்களுக்கு விசுவாசம் என்பது கேலிப்பொருள். வீட்டை நினைத்து வாடினார். அந்த வேளையிலே தமது வீட்டிலே ஓர் அறையைக் கொடுத்து அவரை வைத்துக்கொண்டவர் ஒரு முதிய விஞ்ஞானி. மின்னோட்டத்தை நாம் இன்று எந்த அலகால் அளக்கிறோமோ அந்த 'அம்பியர்' இவருடைய பெயரே. அவ்வளவு பெரிய அறிவாளி பக்தியுள்ளவராக இருந்ததைக் கண்ணாரக் கண்டது அந்த மாணவனுக்கு நூறு பிரசங்கத்துக்குச் சமமாயிற்று.

பின்னர் மாணவர் விவாதக் கூட்டம் ஒன்றிலே, 'உங்கள் திருச்சபை முற்காலத்தில் பெரியன செய்தது உண்மைதான். இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்ற பொருள்பட ஓர் இளைஞன் கேட்டான். ஓசானாமால் அதை மறக்க முடியவில்லை. தோழர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளுக்கு விறகும் உணவும் கொண்டு போகத் தொடங்கினார். 1833 சித்திரை 23இல் அவ்வாறு பிறந்ததுதான், இன்று நமது பங்குகளிலே வீடு வீடாகப் போகும் வின்சென்ட் டி போல் சபை. அன்றுதான் அவருக்கு 20 வயது நிறைந்தது. 1997இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் பாரிசிலே அவரை அருளாளராக உயர்த்தினார். நண்பர்களைத் தேடி அலையாமல் ஒரு நல்ல வேலையைத் தொடங்கினார். நண்பர்கள் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். இரத்ததானம், சிரமதானம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்று உமது பீடத்திலே ஏதாவது இருக்கும். முதல் மாதத்திலேயே ஒன்றிலே சேரும். பத்திலே சேரவேண்டாம்.

செபத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தானியேல் ஆறாம் அதிகாரத்தைப் பார்த்தால், அவர் நாளுக்கு மூன்று முறை எருசலேமை நோக்கிய சன்னலருகே முழங்காலில் இருந்ததாகக் காண்பீர். குறித்த இடம், குறித்த நேரம். நூலகத்துக்குச் சொன்னதே இதற்கும்.

பெற்றோருக்கும் ஒன்று உண்டு. தானியேலின் தாயிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. நீங்கள் நாளுக்கு ஐந்து முறை எடுத்து 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் பிள்ளை அங்கே ஒருபோதும் போய்ச் சேராது. இரவிலே ஒருமுறை பேசுங்கள், பேசுவதைவிடக் கேளுங்கள். தூரத்திலே படிக்கும் பிள்ளையை முதல் நான்கு கிழமையும் வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். குரல் வழமைக்கு மாறாக இருந்தால் மட்டும், காரணம் கேட்டுக்கொண்டிராமல், பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். முதல் நியமனம் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்குக் கிடைத்ததும் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கும் ஆசிரியரும், முதல் மாதத்திலேயே கந்தோர்க் கட்சி ஒன்றிலே சேர்ந்துவிடும் இலிகிதரும் மேலே சொன்ன இரு சாராரின் மூத்த சகோதரர்களே.

கடைசியாக, பங்குகள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம். ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளைத் திருப்பலி முடிவிலே முன்னே அழைத்து, மாலை போட்டு, படம் எடுக்கிறோம். நல்லது. அதனோடு, அந்தப் பிள்ளை போய்த் தங்கும் ஊரின் பங்குத் தந்தைக்கோ பல்கலைக்கழக ஆன்ம குருவுக்கோ ஒரு கடிதம் எழுதலாம். பிள்ளையின் பெயர், பீடம், தங்கும் இடம், பாடுவாரா, பீடப்பணி தெரியுமா என்று நான்கு வரி போதும். அக்கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுப்பதற்காகவேனும் முதல் ஞாயிறே கோவிலைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.